பலர் சேர்ந்து எழுதும் பாட எடிட்டர்: எதை ஷேர்டு டாக்குமெண்டில் வைப்பது, எதை டேட்டாபேஸில் வைப்பது?

தறிநூல் (கேள்வி)

வணக்கம். ஆன்லைன் கோர்ஸ்களைப் பலர் ஒரே நேரத்தில் எழுத ஓர் எடிட்டர் கட்டிக்கொண்டிருக்கிறோம். டெவலப்பர்கள் மூன்று பேர். ஒரு கோர்ஸ் என்றால் ஏறக்குறைய 12 மாட்யூல், 60 பாடம். ஒவ்வொரு பாடத்திலும் உரை, படம், வீடியோ, நடுநடுவே கேள்விகள். பாட நிபுணர், பாட வடிவமைப்பாளர், மெய்ப்புப் பார்ப்பவர், படம் சேர்ப்பவர் என்று எட்டுப் பேர் வரை ஒரு கோர்ஸில் கைவைப்பார்கள்.

முதல் பதிப்பில் பாடத்தின் முழு ஹெச்டிஎம்எல்லும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரே நெடுவரிசையில் இருந்தது. கடைசியாக சேவ் செய்தவருடையது நின்றது, மற்றவருடையது போனது. அதற்காகப் பாடத்துக்குப் பூட்டு வைத்தோம். பூட்டியவர் டேபைத் திறந்தபடி விட்டுவிட்டு எழுந்துபோனால் பாடம் நாள் முழுக்கப் பூட்டியே கிடக்கிறது.

இப்போது ஒய்ஜேஎஸ் (பலர் செய்யும் மாற்றங்களை இணைக்கும் லைப்ரரி), புரோஸ்மிரர் (உரை எடிட்டர்), ஹோகஸ்போகஸ் (ஒய்ஜேஎஸ் மாற்றங்களைப் பரிமாறும்) சர்வர். முழு கோர்ஸும் ஒரே டாக்குமெண்ட். மாட்யூல்கள் ஒரு ஒய்-அரே (ஒய்ஜேஎஸ்ஸின் பட்டியல்), அதற்குள் பாடங்கள் இன்னொரு ஒய்-அரே. சர்வர் பக்கம் ஜேசானாக (சாதாரண உரை வடிவத் தரவாக) மாற்றி போஸ்ட்கிரெஸில் சேமிக்கிறோம். நான்கு இடத்தில் அடி வாங்குகிறது:

1. சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் சில பாடங்களில் உரை முழுவதும் இரண்டு தடவை வருகிறது.
2. இருவர் ஒரே சமயத்தில் ஒரு பாடத்தை இழுத்து இடம் மாற்றினால் அந்தப் பாடம் இரண்டாகிறது.
3. பலவுள் தெரிவு வினாவில் சரியான விடைக் குறி தானாக அடுத்த தெரிவுக்குத் தாவுகிறது.
4. ஸ்கார்ம் 1.2 ஆக (எல்எம்எஸ் எனும் கற்றல் தளங்களில் ஏற்றும் பொதி வடிவம்) ஏற்றுமதி செய்கிறோம். திருத்திய கோர்ஸை மறுபடி ஏற்றினால், பாதி படித்து நிறுத்தியவர்கள் வேறு ஏதோ பக்கத்தில் போய் நிற்கிறார்கள்.

ஒட்டுப்போட்டுச் சரிசெய்வதா, அமைப்பையே மாற்றுவதா?


மடைமாற்றி

முதல் இரண்டுக்கும் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். நல்ல வேளையாக இரண்டுமே ஆரம்பத்திலேயே வெளிப்பட்டிருக்கின்றன.

உரை இரட்டிப்பது ஜேசானால். ஒய்ஜேஎஸ்ஸில் ஒவ்வொரு எழுத்துக்கும் "எந்த கிளையண்ட், அவருடைய எத்தனையாவது செயல்" என்ற முகவரி உண்டு. நீங்கள் ஜேசானாக மாற்றிய நொடியில் அந்த முகவரிகள் எல்லாம் போய்விடும். சர்வர் திரும்ப எழுந்து ஜேசானிலிருந்து டாக்குமெண்டைக் கட்டும்போது, அதே உரை புதிய கிளையண்ட் ஐடியின் கீழ் புத்தம்புது எழுத்துகளாகப் பிறக்கிறது. அந்தப் பக்கம் ஒருவருடைய பிரவுசரில் பழைய முகவரிகளோடு அதே உரை இருக்கிறது. இரண்டும் சந்திக்கும்போது ஒய்ஜேஎஸ் பார்ப்பது இருவேறு உரைகளை. நேர்மையாக இரண்டையும் சேர்த்துவைக்கிறது. இது பக் இல்லை, கேட்டதைத்தான் செய்கிறது.

ஆகவே சேமிக்க வேண்டியது பைனரி அப்டேட், அதாவது ஒய்ஜேஎஸ் அனுப்பும் மாற்றம் அதன் முகவரிகளோடு அப்படியே. ஜேசான் தேடலுக்கும் முன்தோற்றத்துக்கும் மட்டும். அதிலிருந்து டாக்குமெண்டைத் திரும்பக் கட்டவே கூடாது. இதே தவறு இன்னொரு வேடத்திலும் வரும்: புதிய பாடத்தைத் திறக்கும்போது "காலியாக இருந்தால் டெம்ப்ளேட்டை நிரப்பு" என்று கிளையண்டில் எழுதியிருப்பார்கள். இருவர் ஒரே சமயம் திறந்தால் டெம்ப்ளேட்டும் இரண்டு. ஆரம்ப உள்ளடக்கத்தைப் பாடம் உருவாகும் கணத்தில் சர்வர் ஒரே ஒரு முறை எழுதட்டும்.

சேமிப்புக்கு எளிய டேபிள் போதும்: டாக்குமெண்ட் ஐடி, வரிசை எண், பைட் வடிவ அப்டேட். வரும் அப்டேட்டை அப்படியே கீழே சேர்த்துக்கொண்டே போங்கள். ஒரு பாடத்துக்கு 200 வரிசை (டேபிள் பதிவு) தாண்டினால் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து ஒரே வரிசையாக்குங்கள். இங்கே ஒரு குழி இருக்கிறது. "நான் படித்த பெரிய எண் 412, ஆகவே 412 வரை அழி" என்று எழுதாதீர்கள். போஸ்ட்கிரெஸ் சீக்வன்ஸ் எண் கொடுக்கும் வரிசையும் கமிட் ஆகும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 411 உங்கள் கண்ணில் படாமல் இருந்து, நீங்கள் படித்து முடித்த பிறகு கமிட் ஆகலாம். அதையும் சேர்த்து அழித்துவிடுவீர்கள். எந்தெந்த வரிசைகளைப் படித்தீர்களோ, அந்த எண்களை மட்டும் பட்டியலிட்டு அழியுங்கள்.

ஹோகஸ்போகஸில் சேமிக்கும் ஹுக் (குறித்த கணத்தில் சர்வர் அழைக்கும் உங்கள் கோட்) இயல்பாக 2 விநாடி காத்திருக்கும், விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் அதிகபட்சம் 10 விநாடி. அந்த இடைவெளியில் சர்வர் விழுந்தால் அப்போது எழுதியது கிளையண்டுகளிடம் மட்டுமே இருக்கும். அவர்கள் திரும்ப இணைந்தால் வந்து சேரும். டேபை மூடிவிட்டால் போச்சு. பிரவுசரில் இண்டெக்ஸ்டுடிபி சேமிப்பையும் போட்டுவிடுங்கள், அதற்கான தயார் மாட்யூல் ஒய்ஜேஎஸ்ஸுக்குத் தனியாகக் கிடைக்கிறது.

அடுத்து, பாடம் இரண்டாகும் சிக்கல். ஒய்-அரேயில் "நகர்த்து" என்று ஒரு செயல் கிடையாது. பழைய இடத்தில் அழித்துப் புதிய இடத்தில் நகல் வைப்பதுதான் நடக்கிறது. இருவர் நகர்த்தினால் ஓர் அழிப்பு, இரண்டு நகல். இரட்டிப்பாவது கண்ணுக்குத் தெரிகிறது, பரவாயில்லை. தெரியாத சேதம் ஒன்று இருக்கிறது: ஒருவர் பாடத்தை நகர்த்தும் அதே வேளையில் இன்னொருவர் அந்தப் பாடத்துக்குள் தட்டச்சு செய்துகொண்டிருந்தால், அவர் எழுதுவது அழிக்கப்பட்ட பழைய பிரதிக்குள் போகிறது. நகலில் அது வராது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் ஒரு பத்தி காணாமல் போகும்.

நான் சொல்வது இது: கோர்ஸின் எலும்புக்கூட்டை ஷேர்டு டாக்குமெண்டிலிருந்து வெளியே எடுங்கள். மாட்யூல், பாடம், அவற்றின் தலைப்பு, வரிசை எல்லாம் சாதாரண போஸ்ட்கிரெஸ் டேபிள். மாற்றங்கள் சர்வர் வழியாக மட்டும். முடிந்ததும் சர்வர் எல்லோருக்கும் அறிவிக்கட்டும். ஒவ்வொரு பாடத்தின் உடலும் தனித்தனி ஒய்-டாக் (ஒய்ஜேஎஸ் டாக்குமெண்ட்). 60 பாடம், 60 டாக்குமெண்ட். எழுதுபவர் திறந்த பாடம் மட்டும் இறங்கும். அனுமதியையும் பாடவாரியாகக் கொடுக்கலாம். யாரும் ஒரு நாளில் மாட்யூல் வரிசையை ஐந்தாறு தடவைக்கு மேல் மாற்றப்போவதில்லை. அதற்கு சிஆர்டிடி (ஒய்ஜேஎஸ் போல மாற்றங்களைத் தானாக இணைக்கும் தரவமைப்பு) தேவையே இல்லை.

வரிசைக்கு 1, 2, 3 என்று எண் வைத்தால் ஒன்றை நகர்த்த எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும். இரண்டுக்கும் நடுவே ஒரு சாவி உண்டாக்கும் பின்ன வரிசை முறையைப் பயன்படுத்துங்கள். தசம எண்ணாக வைக்காதீர்கள். அதே இடைவெளியில் திரும்பத் திரும்பப் பாதியாக்கினால் சுமார் 50 தடவையில் டபுள் எண்ணின் துல்லியம் தீர்ந்துவிடும். சரமாக வையுங்கள். சரமாக வைத்தால் அந்த நெடுவரிசைக்கு "சி" கொலேஷன் (பைட் மதிப்புப்படி அடுக்கும் விதி) கட்டாயம். இல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் மொழி விதிப்படி பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் கலந்து அடுக்கும். ஜாவாஸ்கிரிப்ட் பைட் வரிசைப்படி அடுக்கும். திரையில் ஒரு வரிசை, ஏற்றுமதியில் இன்னொரு வரிசை என்று வந்து நிற்கும். சாவியை சர்வரே தரட்டும், அப்போது இருவருக்கு ஒரே சாவி போகாது.

பாடத்துக்குள் உபபாடம் என்று அடுக்கு வைத்திருந்தால், அ-வை ஆ-வுக்குள்ளும் ஆ-வை அ-வுக்குள்ளும் இருவர் ஒரே சமயம் இழுப்பது நடக்கும். சர்வர் ஒவ்வொரு நகர்த்தலையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில், டேபிளில் அந்த கோர்ஸின் பதிவைப் பூட்டிக்கொண்டு, மேல்நோக்கி மூதாதையரைச் சரிபார்த்துவிட்டு ஏற்கட்டும். இரண்டாவதாக வருபவருக்கு மறுப்பு. சர்வர் இல்லாமல் இதைத் தீர்க்கத் தனி அல்காரிதம் உண்டு, ஆனால் உங்களுக்கு நடுவில் சர்வர் இருக்கும்போது அந்தச் சுமை எதற்கு?


வினாக்கட்டு

மூன்றாவதும் நான்காவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்: பொருளை அதன் இடத்தால் அடையாளம் காட்டுகிறீர்கள். இடம் மாறும். பெயர் மாறக்கூடாது.

விடைக் குறியை எடுத்துக்கொள்வோம். கேள்வியில் மூன்று தெரிவுகள், சரியான விடை "2" என்று சேமித்திருக்கிறீர்கள். பாட நிபுணர் மேலே ஒரு புதிய தெரிவைச் சேர்க்கிறார். அதே நேரம் வடிவமைப்பாளர் விடையை 2-லிருந்து 3-க்கு மாற்றுகிறார். இரண்டு திருத்தமும் தனித்தனியே சரி. சேர்ந்த பிறகு 3 என்பது முன்பு 2 ஆக இருந்த தெரிவு, அதாவது அவர் தவறென்று நீக்கிய அதே விடை. டாக்குமெண்ட் எல்லோரிடமும் ஒன்றாகவே இருக்கிறது, இணைப்பில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் தவறான விடைக்கு மதிப்பெண் போகிறது. ஒத்திசைவு சரியாக இருப்பதும் பொருள் சரியாக இருப்பதும் வேறு வேறு.

ஒவ்வொரு தெரிவுக்கும் நிலையான ஐடி கொடுங்கள். "சரி" என்பதைத் தனி எண்ணாக வைக்காமல், விடை ஐடிகளின் பட்டியலாக வையுங்கள். க்யூடிஐ (வினாக்களைப் பரிமாறும் தர வடிவம்) இப்படித்தான் இயங்குகிறது: ஒவ்வொரு தெரிவுக்கும் ஓர் அடையாளம், சரியான விடை அந்த அடையாளத்தைச் சுட்டும், தெரிவுகளைக் கலைத்துப்போட்டாலும் ஒன்றும் ஆகாது. பின்னால் க்யூடிஐ ஏற்றுமதி வேண்டுமென்றாலும் இது கைகொடுக்கும். ஒருவர் ஒரு தெரிவை நீக்க, இன்னொருவர் அதையே சரியென்று குறித்தால் விடைப் பட்டியலில், நீக்கப்பட்ட தெரிவின் ஐடி நிற்கும். எடிட்டரில் அதைச் சிவப்பாகக் காட்டுங்கள். வெளியிடும்போது கண்டிப்பாகத் தடுத்து நிறுத்துங்கள். நீங்களாக ஒன்றை ஊகித்து நிரப்பாதீர்கள்.

உரை பிளாக்குகளுக்கும் இதே விதி. ஒவ்வொரு பத்தி, படம், கேள்விக்கும் ஐடி வேண்டும். புரோஸ்மிரரில் இதில் இரண்டு இடம் வழுக்கும். பத்தியின் நடுவில் என்டர் தட்டினால் இரு பாதிகளும் அதே ஐடியோடு பிறக்கும். நகலெடுத்து ஒட்டினாலும் அதேதான். இதற்கு ஒரு பிளகின் எழுதி, ஏற்கெனவே உள்ள ஐடி மறுபடி வந்தால் புதியதை மாற்ற வேண்டும். அந்தத் திருத்தத்தை உள்ளூர் செயல்களுக்கு மட்டும் செய்யுங்கள். பிறர் அனுப்பிய மாற்றத்தைப் பார்த்தும் திருத்தினால், ஐந்து பிரவுசர் ஐந்து வேறு ஐடி கொடுத்து ஒன்றையொன்று திருத்திக்கொண்டே இருக்கும்.

இனி வெளியீடு. நீங்கள் கட்டும் மென்பொருளில் அதிக நேரம் ஒதுக்க வேண்டிய பகுதி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கற்பவர் பார்ப்பது எழுதுபவரின் டாக்குமெண்டாக இருக்கவே கூடாது. "வெளியிடு" அழுத்தியதும் சர்வர் 60 ஒய்-டாக்குகளையும் ஜேசானாக மாற்றி, சரிபார்த்து, பதிப்பு எண் இட்டு, இனி யாரும் தொட முடியாத வரிசையாக எழுதட்டும். ஒவ்வொரு பாடத்தின் ஒய்ஜேஎஸ் ஸ்னாப்ஷாட்டையும் (எதுவரை எழுதப்பட்டது, எவை அழிக்கப்பட்டன என்ற குறிப்பு) கூடவே வையுங்கள். வெளியான பிறகு எந்தப் பாடம் மாறியிருக்கிறது என்று காட்ட அது போதும். சரிபார்ப்பில் குறைந்தது இவை வேண்டும்: விடை இல்லாத கேள்வி, மாற்று உரை இல்லாத படம், காலிப் பாடம், இல்லாத பிளாக்கைச் சுட்டும் உள்இணைப்பு, இன்னும் பதிவேறி முடியாத வீடியோ.

வெளியான கேள்வியைத் திருத்தினால் என்ன ஆகும்? எழுத்துப்பிழை திருத்தமென்றால் அதே ஐடி தொடரலாம். தெரிவு கூடினாலோ, விடை மாறினாலோ அது வேறு கேள்வி. பழைய ஐடியிலேயே விட்டால் பழைய விடைகளும் புதிய விடைகளும் ஒரே புள்ளிவிவரத்தில் கலந்துவிடும். மென்பொருள் தானாகத் தீர்மானிக்க முடியாதது வாக்கியத் திருத்தம் மட்டும். அதை எழுதியவரிடமே கேளுங்கள். விடையோ தெரிவுகளோ மாறியிருந்தால் கேட்காமலே புதிய ஐடி.

ஸ்கார்ம் 1.2 பற்றி. நீங்கள் விட்ட இடத்தைப் பக்க எண்ணாகச் சேமிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நடுவில் ஒரு பாடம் சேர்ந்தால் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். பக்க எண்ணுக்குப் பதில் ஐடி வைக்க வேண்டும். ஆனால் 1.2-இல் சஸ்பெண்ட் டேட்டாவுக்கு (கற்பவர் விட்ட நிலையை எல்எம்எஸ்ஸில் வைக்கும் புலம்) 4096 எழுத்துதான் இடம். முழு யுயுஐடி (தனித்தன்மை கொண்ட நீள ஐடி) ஒன்றுக்கு 36 எழுத்து. 60 பாடத்துக்கே 2160 போய்விடும், பிளாக் அளவில் போனால் தாங்காது. எல்லை தாண்டினால் சில எல்எம்எஸ் மறுக்கும், சில சத்தமில்லாமல் வெட்டும். வழி இதுதான்: பாடம் முதன்முறை வெளியாகும்போது அதற்கு ஒரு சிறிய நிரந்தர எண் கொடுங்கள், பாடத்தை நீக்கினாலும் அந்த எண்ணை வேறு பாடத்துக்குத் தராதீர்கள். முடித்தவற்றை பிட் வரிசையாக்கினால் 60 பாடத்துக்கு 60 பிட், பேஸ்64-இல் (ஓர் எழுத்துக்கு 6 பிட்) 10 எழுத்து. அதன் முன்னால் கோர்ஸ் பதிப்பு எண். பழைய பதிப்பு எண்ணோடு தரவு வந்தால் புதிய பதிப்பு அதைப் படித்து, இல்லாமல் போன பாடத்துக்கு அடுத்திருப்பதைத் திறக்கட்டும்.

ஏற்றுமதியில் அடிக்கடி உடைவது சின்னச் சின்ன விஷயங்கள். மேனிஃபெஸ்ட் (பொதியின் உள்ளடக்கப் பட்டியல்) கோப்பு ஜிப்பின் மேல்மட்டத்திலேயே இருக்க வேண்டும். கோப்புறையை ஜிப் செய்தால் அது ஒரு படி உள்ளே போய்விடும், எல்எம்எஸ் "மேனிஃபெஸ்ட் இல்லை" என்று திருப்பி அனுப்பும். மேனிஃபெஸ்டில் உள்ள அடையாளங்கள் எக்ஸ்எம்எல் ஐடி வகை, எண்ணில் தொடங்கக்கூடாது. யுயுஐடி பாதிக்கு மேல் எண்ணில்தான் தொடங்கும், ஆகவே முன்னால் ஓர் எழுத்து சேருங்கள். இது சில கோர்ஸில் ஓடி சில கோர்ஸில் ஓடாத பிழையாக வந்து ஆளைச் சுற்றவிடும். கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்து, எண் என்ற அளவில் வையுங்கள். தமிழ்த் தலைப்பு மேனிஃபெஸ்டின் தலைப்பு உறுப்பில் யுடிஎஃப்-8 ஆக இருக்கட்டும்.

ஒன்று மறக்க வேண்டாம்: ஸ்கார்ம் பொதியில் விடைகள் பிரவுசருக்கே போகின்றன. பார்க்கத் தெரிந்தவர் பார்த்துவிடுவார். சான்றிதழுக்கான தேர்வை அதில் வைக்காதீர்கள், சர்வரில் திருத்துங்கள்.


ஒற்றைக்கொம்பு

தமிழில் பாடம் எழுதுவதால் வரும் சில சிக்கல்களை இங்கே சேர்க்கிறேன். இவை ஆங்கிலத்தில் சோதித்தால் கண்ணில் படவே படாது.

ஒய்ஜேஎஸ் உரையை யுடிஎஃப்-16 அலகுகளாகப் பார்க்கிறது. நமக்கு "டி" ஓர் எழுத்து. அதற்கு ட, இகரக் குறி என்று இரண்டு. "படி" என்ற சொல்லை இருவர் ஒரே சமயம் திருத்துகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் பேக்ஸ்பேஸ் அழுத்தி இகரக் குறியை நீக்கி "ம்" சேர்க்கிறார்: படம். இன்னொருவர் அதே குறியை நீக்கி உகரக் குறி போடுகிறார்: படு. இணைந்த பிறகு கிளையண்ட் ஐடிகளின் வரிசையைப் பொறுத்து இரண்டில் ஒன்று கிடைக்கும். ஒன்று "படும்", யாருமே எழுதாத, ஆனால் சரியாகத் தெரிகிற சொல். மற்றொன்று "படம்" என்பதன் பின்னால் புள்ளி வட்டத்தில் தொங்கும் அநாதை உகரக் குறி. இரண்டாவதைத் தேடிப்பிடிக்கலாம்: உடனே முன்னால் அகர உயிர்மெய் இல்லாத குறியைக் கண்டால் அடிக்கோடு இட்டு எழுதுபவருக்குக் காட்டுங்கள். முதலாவதைப் பிடிக்க முடியாது. மற்றவரின் கர்சர் அதே சொல்லில் நிற்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுவதுதான் ஒரே தடுப்பு. அவேர்னஸ் தகவல் (யார் எங்கே இருக்கிறார் என்ற குறிப்பு) 30 விநாடி புதுப்பிக்கப்படாவிட்டால் காலாவதியாகும். அதனால் திடீரென இணைப்பு அறுந்தவரின் கர்சர் அரை நிமிடம் அப்படியே நிற்கும். அதை மங்கலாக்கிக் காட்டினால் குழப்பம் குறையும்.

"கொ" இருவிதமாக எழுதப்படலாம்: ஒகரக் குறி ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. பார்வைக்கு ஒன்று, தேடினால் கிடைக்காது, கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் சரியான விடை தவறாகும். என்எஃப்சி (யூனிகோடின் ஒருங்கிணைந்த) வடிவத்துக்கு மாற்றுவதே தீர்வு, ஆனால் எங்கே மாற்றுகிறீர்கள் என்பது முக்கியம். ஒட்டும்போதும் தட்டும்போதும், டாக்குமெண்டுக்குள் நுழையும் முன்பே மாற்றுங்கள். உள்ளே போன பிறகு ஒவ்வொரு பிரவுசரும் "சரிசெய்ய" ஆரம்பித்தால் இருவரும் அதே இடத்தில் அழித்து அதே குறியை நுழைப்பார்கள். அழிப்பு ஒன்றாகிவிடும், நுழைப்பு இரண்டாகிவிடும். கற்பவர் தட்டும் விடையையும் ஒப்பிடும் முன் அதே வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.

அடுத்தது உள்ளீட்டு முறை. தமிழ்99 அல்லது ஒலிபெயர்ப்பு விசைப்பலகை பலவற்றில், சொல் முடியும்வரை பிரவுசர் "கம்போசிஷன்" நிலையில் (எழுத்து இன்னும் உறுதியாகாமல்) இருக்கும். அந்த நேரத்தில் பிறர் செய்த மாற்றம் அதே பத்தியின் டாமை (பிரவுசர் வைத்திருக்கும் பக்க அமைப்பை) திருத்தினால் கம்போசிஷன் உடைந்து, பாதிச் சொல் இரட்டிக்கும் அல்லது கர்சர் பத்தியின் தொடக்கத்துக்கு ஓடும். கம்போசிஷன் முடியும்வரை வெளி மாற்றங்களைத் திரையில் காட்டாமல் பிடித்துவையுங்கள். ஆண்ட்ராய்டில் கிட்டத்தட்ட எல்லாத் தட்டச்சும் கம்போசிஷன்தான், அதனால் முழு டாக்குமெண்டையும் பிடித்துவைத்தால் மற்றவர் எழுதுவது நெடுநேரம் தெரியாது. அதே பத்தியை மட்டும் பிடித்துவைத்தால் போதும்.

அன்டூ பற்றியும் ஒரு வார்த்தை. புரோஸ்மிரரின் சொந்த ஹிஸ்டரி பிளகினை நீக்கிவிட்டு ஒய்ஜேஎஸ்ஸின் அன்டூ மேனேஜரைப் பயன்படுத்துங்கள். பழையதை விட்டுவைத்தால் கண்ட்ரோல்-இசட் அடுத்தவர் எழுதியதையும் சேர்த்துத் திரும்பப் பெறும். புதியது 500 மில்லிவிநாடிக்குள் செய்தவற்றை ஒரே படியாகச் சேர்க்கும். படம் செருகுவது, பிளாக் நீக்குவது போன்றவற்றுக்கு முன்னால் அந்தச் சேர்ப்பை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் படத்தைத் திரும்பப் பெற்றால் கடைசிச் சொல்லும் கூடப் போகும்.


தறிநூல்

எல்லோருக்கும் நன்றி. எலும்புக்கூட்டை வெளியே எடுக்கும் வேலையைத் தொடங்கிவிட்டோம், பைனரி சேமிப்புக்கும் மாறிவிட்டோம். இரண்டு சந்தேகம். கேள்வி பிளாக்கையும் ஒய்ஜேஎஸ்ஸில்தான் வைக்க வேண்டுமா? மெய்ப்புப் பார்ப்பவர் கருத்து மட்டும் எழுத வேண்டும், உரையைத் தொடக்கூடாது. இதை எப்படிக் கட்டாயமாக்குவது?


வினாக்கட்டு

கேள்வியை வெளியே எடுங்கள் என்பேன். கேள்வி என்பது படிவம். தெரிவு, விடை, மதிப்பெண், பின்னூட்டம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அதை இருவர் எழுத்தெழுத்தாகச் சேர்ந்து எழுதுவதில் பயன் குறைவு. பாட உரையில் கேள்வி ஐடி மட்டும் ஒரு பிளாக்காக இருக்கட்டும், உள்ளடக்கம் டேபிளில்.

அதற்குப் பூட்டு போதும், ஆனால் நீங்கள் முன்பு வைத்த மாதிரி இல்லை. குத்தகைப் பூட்டு: 30 விநாடி ஆயுள், 10 விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்தல். புதுப்பிக்காவிட்டால் தானாக விடுபடும். டேப் மறைந்து ஐந்து நிமிடமானால் குரோம் டைமர்களை நிமிடத்துக்கு ஒருமுறை என்று குறைத்துவிடும், ஆகவே டேபை மறைத்துவிட்டுப் போனவரின் பூட்டு தானாகவே அவிழும். இதில் ஒரு ஆபத்து: அவர் திரும்பி வந்து, தன்னிடம் இன்னும் பூட்டு இருப்பதாக எண்ணி சேவ் அழுத்துவார். ஒவ்வொரு பூட்டுக்கும் ஏறுமுகமான எண் கொடுத்து, சேமிக்கும்போது அந்த எண்ணை அனுப்ப வையுங்கள். பழைய எண் வந்தால் சர்வர் மறுக்கட்டும். மறுத்தால் அவர் எழுதியதைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள்.


மடைமாற்றி

கேள்வியை வெளியே எடுப்பதில் ஒரு விலை உண்டு, அதைத் தெரிந்தே செய்யுங்கள். பாட உரையில் கேள்வி பிளாக்கை அழித்து, பிறகு அன்டூ செய்தால் பிளாக் திரும்பும். டேபிளில் கேள்வியை அழித்திருந்தால் உள்ளடக்கம் திரும்பாது. ஆகவே பிளாக் போனாலும் கேள்வி வரிசையை உடனே அழிக்காதீர்கள். எந்தப் பாடமும், எந்த வெளியான பதிப்பும் சுட்டாத கேள்விகளை 30 நாள் கழித்து ஒரு துப்புரவு வேலை அகற்றட்டும். படங்களுக்கும் இதே முறை. படத்தை பேஸ்64 ஆக டாக்குமெண்டுக்குள் வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள். ஒரு 3 எம்பி படம் 4 எம்பி அப்டேட்டாகி, பாடத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் போகிறது. ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் உள்ளடக்க ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற சரம்) பெயராக வைத்துப் போட்டு, டாக்குமெண்டில் அந்தப் பெயரை மட்டும் வையுங்கள்.

கருத்து பற்றி: ஒய்ஜேஎஸ் அப்டேட் பைனரி. அது கருத்தைச் சேர்க்கிறதா, உரையைத் திருத்துகிறதா என்று சர்வரில் பிரித்துப் பார்ப்பது சிரமம். பட்டனை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. எளிய வழி, மெய்ப்புப் பார்ப்பவரின் இணைப்பை ஹோகஸ்போகஸின் அங்கீகார ஹுக்கில் ரீட்-ஒன்லி ஆக்கிவிடுவது. கருத்துகள் தனி டேபிளுக்கு, சாதாரண ஏபிஐ வழியாக. கருத்து எந்தச் சொற்களைச் சுட்டுகிறது என்பதை எழுத்து எண்ணாக வைக்காமல் ரிலேட்டிவ் பொசிஷனாக (எழுத்தின் ஒய்ஜேஎஸ் முகவரியாக), தொடக்கமும் முடிவும் சேமியுங்கள். மேலே பத்து வரி சேர்ந்தாலும் சரியான இடத்தைக் காட்டும். சுட்டிய உரையின் நகலையும் கூடவே வையுங்கள். அந்த உரை முழுவதும் அழிக்கப்பட்டால் இரு முனையும் ஒரே புள்ளியில் வந்து நிற்கும். அப்போது நகல் இருந்தால்தான் கருத்து எதைப் பற்றியது என்று புரியும்.

"நேற்று எப்படி இருந்தது" என்று காட்டும் வரலாறு வேண்டுமென்றால், ஒய்ஜேஎஸ் ஸ்னாப்ஷாட்டை நம்பி குப்பை அகற்றலை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அழித்த ஒவ்வொரு எழுத்தும் என்றென்றும் டாக்குமெண்டில் தங்கும். மணிக்கு ஒருமுறை, மாறியிருந்தால் மட்டும், ஜேசான் நகல் எடுத்து வைப்பது பாடங்களுக்குப் போதும்.


ஒற்றைக்கொம்பு

வெளியிடும் முன் ஒரு எச்சரிக்கை. இதைத் தவறவிட்டால் உரை நிரந்தரமாக அழியும். புரோஸ்மிரர் ஸ்கீமாவில் (எந்த பிளாக் வகைகள் உண்டு என்ற வரையறை) புதிய பிளாக் வகை சேர்க்கிறீர்கள், உதாரணமாக "குறிப்புப் பெட்டி". ஒருவர் புதிய பதிப்பில் பெட்டி ஒன்றைச் செருகுகிறார். காலையிலிருந்து டேபை மூடாத இன்னொருவரிடம் பழைய கோட் ஓடுகிறது. அவருடைய ஸ்கீமாவுக்கு அந்த வகை தெரியாது. ஒய்-புரோஸ்மிரர் (ஒய்ஜேஎஸ்ஸையும் புரோஸ்மிரரையும் இணைக்கும் பாலம்) தன்னால் உருவாக்க முடியாத உறுப்பை ஷேர்டு டாக்குமெண்டிலிருந்தே அழித்துவிடும், அந்த அழிப்பு எல்லோருக்கும் பரவும். செருகியவர் கண் முன்னாலேயே பெட்டி மறையும்.

தடுக்க, வெப்சாக்கெட் இணைப்பில் ஸ்கீமா எண்ணை அனுப்புங்கள். சர்வரிடம் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் இணைப்பை மறுத்து "பக்கத்தைப் புதுப்பிக்கவும்" என்று காட்டுங்கள். டிப்ளாய் செய்யும்போது ஏற்கெனவே இணைந்திருப்பவர்களையும் துண்டிக்க வேண்டும், புதிதாக வருபவர்களைத் தடுப்பது மட்டும் போதாது. ஸ்கீமா மாற்றத்தை இரண்டு வெளியீடாகப் பிரிப்பது இன்னும் பாதுகாப்பு: முதலில் எல்லோருக்கும் புதிய வகையைப் படிக்கத் தெரியட்டும், மெனுவில் பட்டன் வேண்டாம்; பழைய டேபுகள் ஒழிந்த பிறகு பட்டன். வெளியிடும் சர்வரும் ஏற்றுமதி செய்யும் நிரலும் இதே ஸ்கீமா பேக்கேஜைத்தான் எடுக்க வேண்டும், தனி நகல் வைத்துக்கொண்டால் அங்கேயும் இதே பிரச்சினை.

சோதனைக்கு, பிரவுசர் இல்லாமல் நோட்.ஜேஎஸ்ஸில் மூன்று ஒய்-டாக் உருவாக்குங்கள். ஒவ்வொன்றிலும் தற்செயலாக 50 செயல்: செருகு, அழி, பத்தி பிரி, பிளாக் ஒட்டு. அப்டேட்டுகளைக் கலைத்த வரிசையில், சிலவற்றை இரண்டு முறை, மூன்றுக்கும் கொடுங்கள். முடிவில் மூன்று ஜேசானும் ஒன்றா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். ஐடி எதுவும் இரட்டித்திருக்கிறதா, ஒவ்வொரு கேள்வி பிளாக்கும் இருக்கும் கேள்வியைச் சுட்டுகிறதா, அநாதைக் குறி உண்டா என்றும் பாருங்கள். தற்செயல் விதையைப் பதிவுசெய்யுங்கள், தோற்றால் அதே வரிசையை மறுபடி ஓட்ட முடியும். கையால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று: ஒரு டேபை டெவ்டூல்ஸில் ஆஃப்லைன் ஆக்கி இரண்டு பத்தி எழுதுங்கள், அந்த நேரத்தில் சர்வரை நிறுத்தி மறுபடி ஏற்றுங்கள், பிறகு டேபை ஆன்லைனுக்குக் கொண்டுவாருங்கள். உரை ஒரே ஒரு முறை வந்தால் உங்கள் முதல் சிக்கல் தீர்ந்தது. நடுவே என்ஜின்எக்ஸ் (சர்வருக்கு முன் நிற்கும் ப்ராக்ஸி) இருந்தால் அதன் ரீட் டைம்-அவுட் இயல்பாக 60 விநாடி. யாரும் தட்டாத பாடத்தில் இணைப்பு நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து சேர்ந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். பிங் இடைவெளியை 30 விநாடிக்குக் கொண்டுவந்தால் நின்றுவிடும்.